வாளிச் சக்கரமும் கைச்சுத்தியலும்

நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் பெரிய இயந்திரங்களில் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற வாளிகள் மணற்பாறையைச் சுரண்டும். கன்வேயர் பெல்ட் அதை வாங்கிக்கொண்டு போய் மண்மேட்டில் கொட்டும். 1957-இல் நேரு தொடங்கிவைத்த வெட்டு 1961-இல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டது. அன்று முதல் இரவு பகல் பாராமல் நடக்கும் வேலை இது. வெட்டுகிற மண்ணோடு வேறு என்ன போகிறது என்று பார்ப்பது இயந்திரம் ஓட்டுகிறவரின் வேலையல்ல. பார்க்க ஆசையும் ஓரளவு பழக்கமும் உள்ளவர்களுக்கோ உள்ளே இடமில்லை.

குஜராத்தில் கட்ச் பக்கம் பானந்திரோவிலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. அங்கே 2005-இல் கிடைத்த சில எலும்புகளை, முதலையுடையவை போலும் என்று ஐ.ஐ.டி. ரூர்க்கியின் சுனில் பாஜ்பாய் எடுத்து வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அவை பாம்பின் முதுகெலும்புகள் என்று தெரிந்தது. மொத்தம் 27 எலும்புகள், வயது சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். அந்தப் பாம்பின் நீளம் 11 முதல் 15 மீட்டர் இருக்கலாம் என்று கணித்து, 2024-இல் அதற்கு 'வாசுகி இண்டிகஸ்' என்று பெயரிட்டார்கள். சூரத் அருகே வஸ்தான் முதலிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து சுமார் 150 கிலோ அம்பர் சேகரிக்கப்பட்டது. மரப்பிசின் இறுகிக் கல்லான அந்தக் கட்டிகளுக்குள் 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும் சிக்கியிருந்ததை 2010-இல் வந்த ஆய்வு சொன்னது. தனித்து மிதந்துவந்த தீவுக்கண்டம் என்று கருதப்பட்ட இந்தியாவின் பூச்சிகளுக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உறவினர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது அதில் வெளிப்பட்டது. இதற்காக இரண்டு இடத்திலும் கரி வெட்டுவதை நிறுத்தவில்லை. வெட்டும் இடத்தில் சிலரைக் குனிந்து பார்க்க விட்டார்கள், அவ்வளவுதான்.

நெய்வேலியில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தார் இங்கத்திய கரியின் மகரந்தத்தையும் மரத்துண்டுகளையும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வாளர் என்றோ ஒருநாள் வந்து மாதிரி எடுத்துப் போவது வேறு, அங்கேயே கிடந்து கண்ணால் மேய்கிறவர்கள் இருப்பது வேறு. இரண்டாவது ஆள்தான் நம்மிடம் இல்லை. அப்படிப்பட்டவரைக் கல் பொறுக்கி என்று கேலி செய்வோம், இல்லையென்றால் கல் திருடன் என்று சந்தேகப்படுவோம்.

கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே இருக்கும் கல் பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணம் சுரங்க ஊர்களில் செல்லாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பது இயந்திரமும் மழையும். அதே சமயம், கதவைத் திறந்துவிட்டால் இன்று கல் பொறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் செய்யக்கூடியதும் காப்பாற்றும் வேலை அல்ல. பொழுதுபோக்குக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது உண்மையை விழுங்கிவிடுகிறார்கள். சட்டம் பேசுகிறவர்களுக்கு முதலாவது தெரிவதேயில்லை.

நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு கல்லைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். இரண்டும் கொண்டுவந்து போட்ட வண்டலில் கரும்பு விளைகிறது, கரும்பு பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலைக்குப் போகிறது. கைப்பிடிக் கல் கிடைக்காத மண். ஆனால் கெடிலத்தைத் தாண்டித் தெற்கே ஏறினால் கேப்பர் மலையின் செம்மண் தொடங்கிவிடும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நிற்பது அந்த மண்ணில்தான். கடலூர் மணற்பாறை என்று அதற்குப் பெயர். ஹென்றி பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சி மாவட்டப் பாறைகளைப் பற்றி 1862-இல் எழுதிய காலத்திலிருந்து புழங்கும் பெயர். நெய்வேலிக் கரியின் மேல் போர்த்திக் கிடப்பதும், வடக்கே திருவக்கரையில் கல்மரங்களைத் தாங்கிக் கிடப்பதும் இதே பாறைதான்.

முந்திரித் தோப்பில் கல்மரத் துண்டு ஒன்றைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. முதல் பார்வைக்கு மழையில் நனைந்து வெளிறிப்போன விறகுக்கட்டை. குனிந்து தூக்கினால் கை தாழ்ந்துவிடும், அவ்வளவு பாரம். எச்சில் தொட்டுத் தடவினால் பழுப்பும் காவியும் வெள்ளையுமாக ரேகை ஓடும். இன்னொரு கல்லால் தட்டினால் பீங்கான் போலக் கணீரென்று கேட்கும். குறுக்கே உடைந்த முகத்தில் பத்து மடங்கு லென்ஸை வைத்தால் மரம் தண்ணீர் உறிஞ்சிய குழாய்களின் வாய்கள் ஊசித்துளைகளாகத் தெரியும். மரத்தின் சதை போன இடத்தில் சிலிக்கா புகுந்து, சதையின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. தோப்புக்காரருக்கு அது இடைஞ்சல். "கலப்பையில மாட்டுது சார், எடுத்துட்டுப் போனீங்கன்னா புண்ணியமாப் போவும்" என்றுதான் சொல்வார். பல ஊர்களில் இது வரப்போரக் கல்லாகவும், மாட்டுத் தொட்டிக்கு முட்டுக்கொடுக்கும் கல்லாகவும் கிடக்கிறது.

திருவக்கரையில் இதற்கு ஒரு புராணமே இருக்கிறது. வக்ராசுரனைத் திருமால் வதைத்தார், சிதறிக் கிடப்பவை அவன் எலும்புகள் என்பார்கள். 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேரா அந்த இடத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். இன்று அது தேசியக் கல்மரப் பூங்கா, 247 ஏக்கர். சுமார் இரண்டு கோடி ஆண்டு வயதான மரங்கள் வேரும் கிளையும் இல்லாமல் படுத்துக் கிடப்பதால், வெள்ளம் எங்கிருந்தோ அடித்துவந்து போட்டவை என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். வேலிக்குள் ஒரு சில்லை எடுத்தாலும் குற்றம், அது சரிதான். வேலிக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், கருங்கல் குவாரிகளில் வெடி வைக்கிறார்கள்.

அமெச்சூர்களின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கு ஒரு காரணம், அவர்களின் வெற்றி அரசுத் துறைகளின் வரலாற்றில் கரைந்துவிடுவதுதான். தென்னிந்தியாவின் கடல் உயிர்ப் படிமங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்கள் புவியியலாளர்கள் அல்லர். கே, கன்லிஃப் என்ற இரண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். 1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் அவர்கள் பொறுக்கிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் லண்டனுக்கு அனுப்ப, எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கும், அது கிரெட்டேசியக் காலத்துக் கடல் என்பதற்கும் சான்று அவர்கள் பையிலிருந்துதான் வந்தது. புவியியலாளர்களான பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் முறையாக வேலை செய்தது அதற்குப் பிறகு.

நெய்வேலியே அப்படித்தான் பிறந்தது. 1930-களில் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது மேலே வந்த கறுப்புப் பொருளை ஜம்புலிங்க முதலியார் சேறு என்று வாரிக் கொட்டிவிடவில்லை. அது என்னவென்று கேட்டு அதிகாரிகளிடம் காட்டினார். பின்னாளில் 600 ஏக்கருக்கு மேல் நிலமும் கொடுத்தார். டவுன்ஷிப்பில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் செய்த அந்த முதல் காரியத்தை, தன் நிலத்தில் வந்த விநோதப் பொருளைக் கையில் எடுத்து விசாரித்ததை, இன்று சுரங்க எல்லைக்குள் யாராவது செய்தால் கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப். காவலரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கே, கன்லிஃப் கதைக்கு மறுபக்கம் உண்டு. அவர்கள் அனுப்பியவை லண்டனில் தங்கிவிட்டன. நம் மாணவர் ஒருவர் விருத்தாசலத்து அம்மோனைட்டின் மூல மாதிரியைத் தொட்டுப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். அந்தக் கற்களை ஓடையில் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்த ஆட்டுக்காரர்கள் இருந்திருந்தால், அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. சேகரிப்பவர் சொந்த ஊர் திரும்பும்போது சேகரிப்பும் கூடவே போய்விடும் என்பது இந்தப் பழக்கத்தோடு பிறந்த குறை. இன்று லண்டனுக்குப் பதிலாகப் பெங்களூரு அடுக்ககத்தின் வரவேற்பறை. கல் இருக்கிறது, யாருக்கும் பயனில்லை.

அமெச்சூர்களுக்கு ஆதரவாக நான் முன்வைக்கும் பெரிய சான்று ஓர் இழப்பு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர். 1980-களின் கடைசியில் அதை 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு எழுதினார்கள். உலகத்தில் நடந்த மிகப்பெரிய உயிர்களுள் ஒன்று என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாதம் மட்டும்தான் நடக்க முடியும், ஏனென்றால் எலும்பு இல்லை. பொலபொலவென்றிருந்த அந்த எலும்புகள் மழை ஈரத்தைக் குடித்து நொறுங்கிப்போயின. மிஞ்சியவை சில படங்களும் வரைபடங்களும். ஐப்பசி மழை எலும்பைத் தின்றபோது அங்கே எந்தக் கல் பொறுக்கியும் குற்றம் செய்துகொண்டிருக்கவில்லை.

அவ்வளவு பெரிய எலும்பை ஒரு பொழுதுபோக்குக்காரர் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. மாவுக்கட்டுப் போட்டு, பசை ஊட்டி, ஆள் வைத்துத் தூக்க வேண்டிய வேலை அது. அவர் சுத்தியலோடு இறங்கினால் இன்னும் கெடும். ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே ஓடையை நடந்து பார்த்து, புதிதாகத் தலைநீட்டியதைப் படமெடுத்து, இடம் குறித்துத் தகவல் சொல்ல ஐம்பது பேர் இருந்தால் ஆய்வுத் துறைக்கு அது சம்பளமில்லாத படை. தொல்லுயிரியலில் பயிற்சி பெற்றவர்கள் நாட்டில் சொற்பம். ஓடைகள் ஏராளம். ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற கைவிடப்பட்ட எண்ணெய்ப்பாறைச் சுரங்கத்தைக் குப்பைக்கிடங்காக்க அரசு திட்டமிட்டிருந்த 1970-களில், அங்கே இறங்கிய தனியார் சேகரிப்பாளர்கள் எடுத்த படிமங்கள்தான் அந்தக் குழியின் மதிப்பை ஊருக்குக் காட்டின. காய்ந்தால் பிளந்துபோகும் அந்தப் பாறையிலிருந்து எலும்பைப் பிசினுக்கு மாற்றும் முறையை அங்கே அமெச்சூர்களும் தேர்ந்து கையாண்டார்கள். 1995-இல் மெஸ்ஸல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

இனி மறுதரப்பு. இங்கே எனக்குத் தயவு குறைவு.

நம் ஊர்ச் சேகரிப்புகள் பலவற்றைப் பார்த்தால் ஒரே காட்சிதான். கண்ணாடி அலமாரி, உள்ளே பருத்திப் பஞ்சு, பஞ்சின்மேல் கல். எங்கே எடுத்தீர்கள் என்றால் "அரியலூர் சைடு" என்று பதில் வரும். அரியலூர் சைடு என்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் அகலமுள்ள இடம். ஊட்டத்தூர்க் களிமண்ணில் கிடைத்ததா, கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பில் கிடைத்ததா என்பது தெரியாத அம்மோனைட் அழகான பேப்பர் வெயிட், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வாசுகியின் எலும்பு ஏறத்தாழ இருபது ஆண்டு பேசாமல் கிடந்தும் பயன்பட்டதற்குக் காரணம், அது எந்தச் சுரங்கத்தில் எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பும் கூடவே கிடந்ததுதான். முதலை என்ற தவறான ஊகம் அதைக் கெடுக்கவில்லை. இடம் தெரியாமல் போயிருந்தால் எந்தச் சரியான ஊகமும் அதை மீட்டிருக்காது.

புரூஸ் ஃபூட்டை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கையில் கிடைத்த கற்கருவி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம். புவியியல் அவருக்குச் சம்பள வேலை, கற்கருவி சேர்த்தது சொந்த ஆர்வம். ஆனால் அவர் சேகரிப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து, அவர் இறந்த பிறகு அதன் அட்டவணை நூலாக வந்தபோது, மாவட்ட வாரியாக, ஊர் வாரியாக எது எங்கே கிடைத்தது என்று படிக்க முடிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஊர்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தவர்கள் உண்டு. பொழுதுபோக்கு ஆய்வாக மாறுவதற்கு வேண்டிய செலவு ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும்தான். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறவரை நான் சேகரிப்பாளர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

வைத்துக் காப்பதிலும் அலட்சியம். நெய்வேலிக் கரிக்குள் மார்க்கசைட் உருண்டைகள் கிடைக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். உடைத்தால் வெளிறிய பித்தளை நிறம் பளிச்சென்று அடிக்கும். வேலையாட்களில் யார் மூலமாகவோ வெளியே வந்து மேசைமேல் அமரும். கடலூர்க் காற்றின் ஈரம் அதற்கு எமன். சில மாதத்தில் பளபளப்பு மங்கும், விரிசலில் சாம்பல் நிறப் பூ பூக்கும், கந்தக நெடி வரும். அதிலிருந்து ஊறும் அமிலம் கீழே இருக்கும் அட்டையைத் தின்று பழுப்பாக்கிவிடும். குறிப்பெழுதிய சீட்டு இருந்தால் அதுவும் போகும். கரித்துண்டும் அப்படியே. பூமியிலிருந்து எடுக்கும்போது ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். காற்றில் வைத்தால் உலர்ந்து செதில் செதிலாக உதிரும். அதில் மர நார் அப்படியே தெரிகிற அருமையான துண்டாக இருந்தாலும் தப்பாது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்தால் ஓரளவு தாங்கும். எடுப்பதற்கு முன்பே எப்படி வைப்பது என்று தெரியாதவர் எடுக்காமலிருப்பது மேல்.

அடுத்தது ஆர்ப்பாட்டம். 2020 டிசம்பரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் அள்ளியபோது உருண்டையான கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. கடற்படிவத்தில் தாதுக்கள் அடுக்கடுக்காக இறுகி உருண்டு திரள்வது சாதாரணம், இவையும் அப்படிப்பட்டவைதான் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். விளக்கம் செய்தியைவிட மெதுவாகத்தான் நடந்தது. இதில் அமெச்சூரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக 2009-இல் அறிவித்தது ஒரு பல்கலைக்கழகக் குழு. இன்னும் வாதத்தில் இருக்கும் விஷயம் அது. ஆனால் பல்கலைக்கழகம் தவறினால் மறுத்து எழுத ஒரு முறை இருக்கிறது. ரீல்ஸ் போடுகிறவருக்கு அது கிடையாது. இடத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை என்ற ஊரின் ஓடைகளில் பைக் தடம்தான் மிச்சம். துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட்டுகளும், நார்நாரான ஜிப்சமும் தரையிலேயே கிடக்கும் அந்த வறண்ட நிலத்துக்கு வேலி கிடையாது, காவல் கிடையாது.

திறந்த இடமும் மூடிய இடமும் நம்மிடம் தலைகீழாக அமைந்திருக்கின்றன. ஒருமுறை கெட்டால் மீளாத காரையை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். அன்றாடம் அழிந்துகொண்டே இருக்கும் சுரங்கத்துக்குள் யாரும் போகக் கூடாது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படுகை முழுக்கக் கிரைஃபியா என்ற சிப்பியின் ஓடு. அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகள் அரைப்பது அதைத்தான். கைநிறைய அள்ளிய மாணவன் திருடன், சூளையில் போட்டு எரிப்பவர் தொழில்முனைவோர். சிமென்ட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டுச் சுவரிலும் அந்தச் சிப்பிதான் இருக்கிறது. எரிவதற்கு முன்னால் ஒருவர் பார்த்துவிட்டுப் போனால் சிமென்டின் தரம் குறையாது என்கிறேன்.

சட்டத்தைப் புரட்டினால் பொழுதுபோக்குச் சேகரிப்பு என்ற சொல்லே இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சுரங்கம், கனிமச் சட்டப்படி அனுமதியின்றிக் கனிமம் தேடுவது, எடுப்பது, கொண்டுபோவது எல்லாம் குற்றம். லாரிக்கும் சட்டைப் பைக்கும் அந்தச் சட்டத்தில் வேறுபாடு எழுதப்படவில்லை. லாரியை நினைத்து எழுதிய சட்டம், பையைப் பிடிக்கவும் உதவும். பழங்கற்கருவி என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வந்து நிற்கும். உயிர்ப் படிமங்களுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்கான வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. அதிகாரமெல்லாம் புவியியல் ஆய்வுத் துறை ஒன்றிடமே குவிகிறது என்று ஆய்வாளர்கள் சிலரே எதிர்த்தார்கள். அது சட்டமாகவில்லை. ஆகவே நல்லவர் பயந்து ஒதுங்குகிறார், கெட்டவருக்குத் தடையில்லை.

நெய்வேலிச் சுரங்க நிர்வாகம் சொல்லும் பாதுகாப்புக் காரணம் சாக்கு அல்ல. மண்மேடு மழையில் சரியும். வெட்டிய சுவர் சொல்லிக்கொண்டு விழாது. கரி தானாகவே பற்றிக்கொள்ளும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே வேலை நடக்கிறது. கன்வேயர் ஓடுகிற இடத்தில் லென்ஸோடு குனிந்து நிற்கிறவரை எந்தச் சுரங்க மேலாளரும் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் ஆபத்து என்ற ஒரே சொல்லால் வெட்டுமுகத்தையும் பல ஆண்டுகளுக்கு முன் இறுகிப் புல் முளைத்துப்போன மண்மேட்டையும் சேர்த்து மூடுவது சோம்பல். புதுச்சேரி சுற்றுலாத் துறையோடு சேர்ந்து சுரங்கச் சுற்றுலா நடத்த முடிகிற நிறுவனம் இது. தலைக்கவசம் மாட்டி, பேருந்தில் ஏற்றி, பார்வை மேடையில் நிற்கவைத்துக் காட்ட முடியும் என்றால், பழைய மண்மேட்டின் ஒரு மூலையை மாதத்தில் ஒரு காலைப்பொழுது திறந்துவிடுவது அப்படியொன்றும் புது வித்தையல்ல.

அமெரிக்காவில் கூட்டரசின் நில மேலாண்மைத் துறை, தன் வசமுள்ள பொது நிலங்களில் கல்மரத்தை ஒருவர் நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும் எடுக்க விடுகிறது. ஆண்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் கூடாது, விற்கக் கூடாது. எளிய விதி. ஆனால் நமக்குப் பொருந்தாது. அங்கே நிலம் பரந்தது, ஆள் குறைவு. இங்கே ஒரு முந்திரித் தோப்புக்கு நாளொன்றுக்குப் பதினோரு கிலோ வீதம் ஆட்கள் வந்தால் ஒரு பருவத்தில் தோப்பே காலி. தவிரவும் அது எடையைப் பார்க்கிறதே ஒழிய எடுத்த இடத்தைக் கேட்பதில்லை. இங்கிலாந்தின் மேற்கு டார்செட் கடற்கரையில் இருப்பது வேறு வகை. அலை எப்படியும் பாறையை அரித்துப் படிமத்தை அழித்துவிடும், அதனால் பொறுக்கலாம். அறிவியல் முக்கியத்துவம் உள்ளது கிடைத்தால் பதிவுசெய்ய வேண்டும். விற்பதாக இருந்தால் முதலில் அருங்காட்சியகங்களுக்குத் தர முன்வர வேண்டும். படிமம் பொறுக்கிப் பெயர்பெற்ற மேரி ஆனிங்கின் அந்த ஊரில் அலை செய்யும் வேலையை நெய்வேலியில் வாளிச் சக்கரம் செய்கிறது, அரியலூரில் சூளை செய்கிறது. அழிவு நிச்சயம் என்ற இடத்தில் பொறுக்க விடு, பதிவைக் கட்டாயமாக்கு என்ற அந்தத் தர்க்கம் நம் சுரங்கங்களுக்கு அச்சாகப் பொருந்தும். திருவக்கரைக்கோ, 18 மீட்டர் கல்மரம் கிடக்கும் சாத்தனூருக்கோ, காரைக்கோ அது பொருந்தாது. அங்கே கேமராவுக்கு மட்டும்தான் அனுமதி இருக்க வேண்டும்.

விற்பனையில் மட்டும் நான் டார்செட்காரர்களோடு ஒத்துப்போக மாட்டேன். அங்கே விற்பனையை ஒழுங்குபடுத்த ஆளும் அலுவலகமும் இருக்கின்றன. இங்கே கல்லுக்கு விலை என்று ஒன்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கரூர், காங்கயம் பக்கத்து மணிக்கல் குழிகளே சாட்சி. வயலில் திருட்டுத்தனமாகத் தோண்டிய குழியை யாரும் மூடுவதில்லை, கிடைத்த கல் எங்கே போயிற்று என்பதற்கு ரசீது கிடையாது. கல்மரமும் இப்போதே மெருகேற்றிய அலங்காரப் பொருளாக விலைபோகிறது. வரவேற்பறை மேசைக்கு வேண்டியது பெரிய, முழுமையான, அழகான துண்டு. ஆய்வுக்கும் வேண்டியது அதேதான். அந்தப் போட்டியில் ஆய்வு ஜெயிக்காது. ஆகவே சுரங்கத்திலிருந்து அனுமதியோடு எடுக்கும் எதையும் விற்கக் கூடாது, பரிமாறிக்கொள்ளலாம், அதுவும் சீட்டோடு சேர்த்துத்தான் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

எடுத்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? அரியலூர் பக்கம் வாரணவாசியில் படிம அருங்காட்சியகம் இருக்கிறது. கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நெய்வேலிக் கற்களுக்கு அது பக்கம். ஆயிரம் பெட்டிகளை வாங்கி வைக்கும் இடவசதியை நான் அவர்களிடம் எதிர்பார்க்கவில்லை. ஒரு பதிவேடு போதும். எடுத்தவர் பெயர், தேதி, மண்மேட்டின் எண், கூடவே கைபேசியில் எடுத்த இரண்டு படம். கல் வீட்டிலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் ஆய்வாளர் வந்து கேட்கும்போது காட்ட வேண்டும், முக்கியமானதென்றால் ஒப்படைக்க வேண்டும். மண்மேட்டில் கிடைப்பதற்கு அடுக்கு விவரம் கலங்கிப்போயிருக்கும் என்று நிபுணர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயம். ஆனால் எந்த மேட்டில் எந்த ஆண்டு எந்தப் பகுதி மண்ணைக் கொட்டினார்கள் என்பது சுரங்கத்தின் கணக்கிலேயே இருக்கும். அதைக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அனுமதியில் வரிசை வைத்தாக வேண்டுமென்றால் முதலில் நிற்க வேண்டியவர்கள் நகரத்துச் சேகரிப்பாளர்கள் அல்லர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க வேலைக்காகக் கதிர்விடும் நேரத்து நெல் வயலில் பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த மாதிரி ஊர்களில் கிணறு வெட்டியவர்களுக்குச் செம்மண்ணுக்குக் கீழே எத்தனை அடியில் வெள்ளைக் களி வரும், எங்கே கூழாங்கல் வரும், எங்கே கல்மரம் மண்வெட்டியை மடக்கும் என்று அடி அடியாகத் தெரியும். நிலத்தோடு அந்த அறிவும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நெய்வேலிக் களிமண் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்குப் போகிறது. மேல்மண்ணிலிருந்து கட்டுமான மணல் பிரிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. கேட்டைத் தாண்டி இவ்வளவும் எடைபோட்டு ரசீதோடு வெளியேறும்போது, மண்மேட்டில் ஒரு காலைப்பொழுது நடந்த பள்ளிப் பிள்ளையின் பையில் ஒரு கிலோ கல்லும் அதற்கொரு சீட்டும் போவதற்கு எடைமேடையில் தனியாக ஒரு வரி எழுதினால் போதும்.